பாரும் கணிச்சமும்
இங்கிலாந்தின் வடகிழக்கில் நிலக்கரிச் சுரங்கத்தார் பேசிய பிட்மேட்டிக் என்னும் வழக்கில், உடன் வேலை செய்பவன் ‘மர்ரா’, வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாடு ‘பெய்ட்’. அப்பகுதியின் கடைசி ஆழ்சுரங்கமான எல்லிங்டன் 2005இல் மூடப்பட்டதைப் படித்தபோது, தொழிலோடு அதன் சொற்களும் மறைந்துவிடுமோ என்று, எங்கள் குளச்சல், முட்டம் பக்கத்துக் கடல் தொழிலாளர்களின் பேச்சையே நினைத்துக்கொண்டேன். கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டைப் ‘பார்’ என்றும், கரையில் தெரியும் மலைமுடியையும் ஆலயக் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்து அந்தப் பாரின் இடத்தைக் கண்டுகொள்ளும் முறையைக் ‘கணிச்சம்’ என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஜிபிஎஸ் கருவி வந்தபின் கணிச்சத்தின் தேவை குறைந்துவிட்டது. வட்டாரச் சொற்களைத் தொகுப்பவர்கள் (நல்ல வேலைதான்) பொருளை மட்டும் குறித்து நிறுத்திக்கொள்ளாமல், எந்த முடிக்கு நேராக எந்தக் கோபுரம் வரவேண்டும் என்பதையும், மூத்த தொழிலாளியோடு வள்ளத்தில் போய்க் கேட்டு எழுத வேண்டும்.