மருந்துச்சீட்டில் வரும் செயலியும் என் முதலீடும்

மனநலச் செயலி நடத்தும் சிறு நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் கால்பதிக்கப்போவதாக அறிவித்தால், அங்கே அதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பதையே நான் முதலில் தேடுகிறேன். அமெரிக்காவின் பேர் தெரபியூட்டிக்ஸ் நிறுவனம், போதைப் பழக்கச் சிகிச்சைக்கான தன் செயலிக்கு 2017-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றிருந்தும், மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளில் பலவற்றுக்குக் காப்பீட்டாளர்கள் பணம் தராத நிலையில், 2023 ஏப்ரலில் திவாலானது. நள்ளிரவில் உறக்கமின்றி அந்தத் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களை நினைத்து மனம் கனத்தது. ஜெர்மனியிலோ, 2020 முதல் அரசுப் பட்டியலில் இடம்பெறும் செயலிகளுக்குப் பொதுக் காப்பீடே கட்டணம் செலுத்துகிறது. ஆனால் முதலாண்டில் நிறுவனம் தானே வைக்கும் விலை, பின்னர் நடக்கும் பேரத்தில் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. ஆகவே ஆண்டறிக்கையைத் திறந்ததும், கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று, அதை மாதச் செலவால் வகுத்துப் பார்க்கிறேன். விடை 9 மாதம்தான் என்று வந்தால், அந்தப் பங்கை நான் வாங்குவதில்லை.