கேட் ரிஜிஸ்டரில் கோடு இழுத்த கட்டம்

புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். செட்டிநாடு என்றதும் பெரிய பெரிய வீடுகளும் ஆத்தங்குடிக் கல்லும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வழியாக அறந்தாங்கி ரோட்டில் வந்து பாருங்கள், புதுவயலைச் சுற்றி ரைஸ் மில்லாகவே இருக்கும். நெல் வருவதும் லாரியில்தான், அரிசி போவதும் லாரியில்தான். எங்கள் கேட்டில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. வண்டி நம்பர், டிரைவர் பெயர், லைசென்ஸ் நம்பர், கிளீனர் பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று கட்டம் போட்டிருக்கும்.

போன மாதம் ஒரு பழைய லோடு விவரம் தேடிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய பக்கங்களில் எல்லாக் கட்டத்திலும் எழுத்து இருக்கிறது. நடுவில் கிளீனர் கட்டத்தில் ஒரு பெயர், ஒரு கோடு, ஒரு பெயர், இரண்டு கோடு என்று வருகிறது. இந்த வருஷத்துப் பக்கங்களில் கிளீனரோடு வண்டியே வராததால், வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொன்றாகக் கோடு போடச் சலித்து, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிட்டிருக்கிறார். அதைப் பார்த்த அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் அப்பா லாரி டிரைவர். பதினாலு வயதில் கிளீனராக ஏறியவர். புதுவயல் அரிசியை ஏற்றிக்கொண்டு மதுரை, ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி புளியரை மலை ஏறி கொல்லம் வரைக்கும் போவார். வரும்போது ரப்பர் தடி கிடைத்தால் ரிட்டர்ன் லோடு, கிடைக்காவிட்டால் இரண்டு நாள் அங்கேயே காத்துக் கிடப்பார். அந்தக் காலத்தில் ஆரியங்காவு செக்போஸ்ட்டில் ஒரு ராத்திரி முழுக்க வரிசையில் நின்ற கதையெல்லாம் எங்கள் வீட்டில் சோறு சாப்பிடும்போது கேட்டுக் கேட்டுப் பழகியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து அந்த வரி செக்போஸ்ட்டுகளை எடுத்தார்கள், 2021-ல் ஃபாஸ்டாக் கட்டாயம் ஆனது, வண்டி நிற்கிற நேரம் குறைந்தது, அதெல்லாம் நல்லதுதான். நின்ற நேரம் மிச்சமானது டிரைவர் படுத்துத் தூங்கவா என்றால் இல்லை, அந்த நேரத்தில் இன்னொரு நடை ஓட்டச் சொன்னார்கள்.

அப்பா தொழில் கற்றதை எப்படிச் சொல்வார் தெரியுமா? முதல் ஆறு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடவே விடவில்லையாம். வண்டி எங்கே நின்றாலும் இறங்கி, ஒரு இரும்பு ராடை எடுத்துப் பின் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சுற்றி வர வேண்டும். பின்னால் இரட்டை டயர் இருக்கும் இல்லையா, உள்டயரில் காற்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, வெளிடயர் தாங்கிக்கொண்டிருக்கும். தட்டினால் சத்தம் சொல்லிவிடும். காற்று நிறைய இருந்தால் ராடு துள்ளிக்கொண்டு ‘டங்’ என்று வரும், இறங்கியிருந்தால் சாக்கில் அடித்த மாதிரி ‘தொப்’ என்று அமுங்கும். அப்பாவுடைய டிரைவர் கேபினுக்குள் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டு, “நாலாவதை இன்னொரு தடவை தட்டுடா” என்பாராம். அப்புறம் தார்ப்பாய் போடுவது, கயிறு கட்டுவது, ஸ்டவ்வில் சமைப்பது, ரிவர்ஸில் பின்னால் நின்று குரல் கொடுப்பது, ராத்திரி மூணு மணிக்கு டிரைவர் கண் சொக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது. இரண்டாவது வருஷம் ஷெட்டுக்குள் வண்டியை முன்னே பின்னே நகர்த்த விட்டிருக்கிறார்கள், மூன்றாவது வருஷம் ஆள் இல்லாத ரோட்டில் காலி வண்டி. இப்படித்தான் ஒரு டிரைவர் உருவானார். யாரும் ஃபீஸ் கட்டவில்லை, யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை.

இப்போது எங்கே பார்த்தாலும் டிரைவர் இல்லை, டிரைவர் இல்லை என்கிறார்கள். நாட்டில் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்காரியே சொல்லியிருக்கிறார். இந்தியாவில் சரக்கில் ஏறத்தாழ 70 சதவீதம் ரோட்டில்தான் போகிறது, அதை ஓட்ட ஆள் இல்லை என்றால் சின்ன விஷயமா? இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். படிப்பு தடையாக இருக்கிறது என்று 2019-ல் எட்டாம் வகுப்புத் தகுதியை எடுத்தார்கள். வெயில் என்று சொல்லி, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்றார்கள். ஏ.சி. கேபினை நான் மனதார வரவேற்கிறேன், சித்திரை வெயிலில் இன்ஜின் சூடும் சேர்ந்து அடிக்க அப்பா நனைந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டியதைப் பார்த்த எவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கேபினில் இடது பக்கம் காலியாக இருக்கிற சீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிரைவர் உருவான பள்ளிக்கூடமே அந்தச் சீட்டுதான். அதை மூடிவிட்டு மாணவன் வரவில்லையே என்றால் எப்படி?

ஓனர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நம் நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து வண்டிக்காரர்கள். எங்கள் மில்லுக்கு வருகிற ஓனர் ஒருவர் என் டேபிளில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார். வாடகையில் பாதி டீசலுக்கே போய்விடுகிறது, லெம்பலக்குடியில் ஆரம்பித்து வழி நெடுக டோல், புரோக்கர் கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி, மாசம் பிறந்தால் ஃபைனான்ஸ் டியூ, வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஷூரன்ஸ், அதுபோக டயர். 2018-ல் ஆக்சில் லோடு அளவை, அதாவது ஒரு அச்சுக்கு அனுமதிக்கிற எடையை, ஏற்றினார்கள், பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. கூடுதலாக ஏற்றலாம் என்றதும் நடைக்கு வாடகை ஏறும் என்று பார்த்தால், இருக்கிற சரக்குக்கு வண்டி அதிகமாகி வாடகையை அடித்துப் பேசினார்கள் என்கிறார். சரி, இதில் எதைக் குறைப்பது? டீசலைக் குறைக்க முடியாது, டியூவைக் குறைக்க முடியாது. கிளீனர் பட்டாவை, அதாவது அவனுக்குக் கொடுக்கிற படியை, குறைத்தார். “அவன் ஒருத்தன்தாம்மா என் கையில இருந்த செலவு” என்றார். அந்த வார்த்தை எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

அந்த மிச்சம் யார் தலையில் விழுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். அரிசிச் சிப்பம் இப்போது பெரும்பாலும் 26 கிலோ. (2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் பேக் செய்த அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது, அதனால் மில்கள் ஒரு கிலோ கூட்டிவிட்டன, அது தனிக் கதை.) லோடுமேன்கள் அடுக்கி முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் தார்ப்பாய் டிரைவர் வேலை. வழக்கமாக வருகிற டிரைவர் ஐயா ஒருவருக்கு வயது ஐம்பத்தெட்டு இருக்கும். தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கம்பியில் கால் வைத்து ஏறுகிறார், மேலே போய் விரிக்கிறார், காற்று அடித்தால் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு போகிறது, அதைப் பிடிக்க ஓடினால் இந்த ஓரம் கிளம்புகிறது. இறங்கி, கயிற்றை இந்தப் பக்கம் கொக்கியில் மாட்டி, அந்தப் பக்கம் தூக்கி எறிந்து, சுற்றிப் போய் இழுத்துக் கட்டி, மறுபடி இந்தப் பக்கம். இரண்டு பேர் இருந்தால் இருபது நிமிஷத்தில் முடிகிற வேலை அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார், செம்பைப் பிடிக்கிற கை நடுங்கும். அதே கையோடு ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு போகிறார். 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டு நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வு என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். அந்த ஐயாவிடம் அதைச் சொன்னேன். “அப்படியா தாயி?” என்று மட்டும் கேட்டார்.

பயம் இன்னொரு பக்கம். 2024 ஜனவரி 1-ம் தேதி வடக்கே லாரிகளை நிறுத்திப் போராட்டம் செய்தார்களே, பெட்ரோல் பங்க்கில் கூட்டம் அலைமோதியதே, ஞாபகம் இருக்கும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு. விபத்தில் உயிர் போய், ஓட்டியவர் போலீசுக்குச் சொல்லாமல் தப்பிப் போனால் பத்து வருஷம் வரைக்கும் சிறை என்றது. போராட்டத்துக்கு அப்புறம் பேசி, அந்த ஒரு உட்பிரிவை மட்டும் 2024 ஜூலை 1-ல் அமலுக்குக் கொண்டுவராமல் வைத்தார்கள். ஆளைச் சாகடித்துவிட்டு ஓடுபவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது எங்கள் வீட்டில் அம்மா தினம் தினம் வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த நெருப்பு. கூட ஒரு கிளீனர் இருந்தால் இறங்கி ஓடிப் போய் ஸ்டேஷனில் சொல்லவாவது ஒரு ஆள் இருக்கும்.

கல்யாணப் பேச்சு வேறு. “பையன் என்ன பண்றான்?” “லாரி ஓட்டுறான்.” அதோடு பேச்சு முடிந்தது. என் தம்பியும் நன்றாகவே ஓட்டுவான், அவன் சிங்கப்பூர் போய் அங்கே லாரிதான் ஓட்டுகிறான். அதே வேலை, அதே ஆள். அவனுக்குப் பெண் கொடுக்க மூன்று வீட்டில் தயாராக இருந்தார்கள். நம் ஊர் ஆட்களுக்கு ஓட்டத் தெரியாமலோ உடம்பு வளையாமலோ இந்த வேலை காலியாகக் கிடக்கவில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம். நான் தினமும் கழனிவாசலில் ஏறி புதுவயல் வருவது டவுன் பஸ்ஸில். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தத் திட்டம் எனக்கு மாசா மாசம் எவ்வளவு மிச்சம் செய்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். காரைக்குடிக்கும் பஸ்ஸுக்கும் பழைய உறவு உண்டு. 1997-ல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எல்லாம் எடுக்கும் வரைக்கும் மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. இப்போது கும்பகோணம் கோட்டத்தில் ஒரு மண்டலம். அப்பாவோடு கிளீனராக இருந்தவர்களில் இரண்டு பேர் ஹெவி லைசென்ஸ் எடுத்து, நாலைந்து வருஷம் லாரி ஓட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், வீடு கட்டினார்கள். லாரிக்காரன் வீட்டில் பஸ் டிரைவர் வேலை என்றால் கலெக்டர் வேலை மாதிரி.

அந்த வாசலும் குறுகிக்கொண்டு வருகிறது. வருஷக்கணக்காகப் பெரிய அளவில் ஆள் எடுக்காமல் இருந்து, 2025 மார்ச்சில்தான் மாநிலம் முழுக்க 3,274 ஓட்டுநர் - நடத்துநர் இடத்துக்கு அறிவிப்பு வந்தது, அதில் எங்கள் கும்பகோணம் கோட்டத்துக்குத்தான் அதிகம், 756. வேலையின் பெயரைக் கவனியுங்கள், ஓட்டவும் தெரிந்திருக்க வேண்டும், டிக்கெட் போடவும் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு லைசென்ஸும் வேண்டும். 2003 ஏப்ரலுக்கு அப்புறம் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. 2024 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், தொழிற்சங்கங்கள் ஸ்டிரைக்கில் இறங்கியபோது காலி இடங்களை நிரப்பு என்பதும் முக்கியக் கோரிக்கை. சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்து விட்டார்களே, அதில் கண்டக்டர் கழகத்து ஆள், ஓட்டுபவர் ஒப்பந்த நிறுவனத்து ஆள். புகை இல்லாத பஸ் வரட்டும், நல்லது. ஆனால் அந்த ஸ்டீயரிங்கில் உட்கார்பவருக்கு முப்பது வருஷ வேலை என்ற நம்பிக்கை இல்லையென்றால், இங்கே புதுவயலில் பதினெட்டு வயதுப் பையன் எதை நம்பி லாரியில் ஏறுவான்?

பெண்கள் ஓட்டட்டுமே என்று கேட்பீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசு பஸ் ஓட்ட வந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்கள் ரூட்டில் நான் ஒரு பெண் டிரைவரையும் பார்த்ததில்லை. லாரியில் என்றால், ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுப் போகப் பத்திரமான ஒரு கழிப்பறை, கதவைத் தாழ் போட்டுத் தூங்க ஒரு இடம், முதலில் இது இரண்டும் வேண்டும். ஆண்களுக்கே அது இல்லை.

என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், கிளீனர் சீட்டைத் தொழிற்பயிற்சி மாதிரி அரசே எடுத்துக்கொள்ளட்டும். கடையில், கம்பெனியில் அப்ரெண்டிஸ் என்று உதவித்தொகை கொடுக்கிறார்கள் இல்லையா, அதே மாதிரி இரண்டு வருஷம் லாரியில் போகிற பையனுக்கும் கொடுத்து, ஓட்டிய கிலோமீட்டரை ஒரு புத்தகத்தில் பதிந்து, அந்தப் புத்தகத்தைப் பஸ் வேலைக்கும் அனுபவமாக எடுத்துக்கொண்டால் ஓனருக்கும் பாரம் குறையும். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, தரமாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் புளியரை மலையில் லோடு வண்டியை எந்த வளைவுக்கு முன்னால் கியர் குறைக்க வேண்டும் என்பதை அந்த மைதானத்தில் கற்றுக்கொடுக்க முடியாது.

போன வியாழக்கிழமை அந்த ஐம்பத்தெட்டு வயது ஐயா வந்தார். இடது கதவு திறந்து ஒரு பையன் குதித்தான். அக்கா மகனாம், பத்தொன்பது வயது. கார் லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது, ஒரு வருஷம் முடிந்து இருபது வயதும் ஆனால்தான் ஹெவிக்குப் போட முடியும். “பட்டா யார் கொடுக்கிறா?” என்று கேட்டேன். “ஓனர் எங்க தாயி கொடுப்பாரு, என் பட்டாவுலதான்” என்றார். பையன் அதற்குள் ராடை எடுத்துக்கொண்டு பின்னால் போயிருந்தான். ஆபீஸ் ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது, டங், டங், டங். திரும்பி வந்து என்னிடம், “அக்கா, பஸ்ஸுக்கு மறுபடி எப்ப ஆள் எடுப்பாங்க?” என்றான். தெரிந்தால் சொல்கிறேன் என்று அவன் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். வாட்ச்மேன் அண்ணன் பழக்கத்தில் கிளீனர் கட்டத்தில் கோடு போட்டிருந்தார். அதை அடித்துவிட்டு மேலே பெயரை எழுதச் சொன்னேன்.