கையெழுத்து வைத்த பிறகும் கேட்கலாம்

2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டனில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த வங்கிக் கிளை ஒன்றில் 8,000 பவுண் கடன் எடுத்தேன். ஐந்து ஆண்டுத் தவணை. ஒப்பந்தத்தில் 9,600 என்ற தொகை இருந்ததை அன்றே கவனித்தேன். வட்டியைச் சேர்த்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நானாகவே எண்ணிக்கொண்டு கையெழுத்து வைத்தேன். அந்த 1,600 பவுண் வட்டி அல்ல, நான் கேட்காத ஒரு காப்புறுதியின் கட்டணம் என்பதும், அந்தக் கட்டணத்தையும் வங்கியே எனக்குக் கடனாகத் தந்து அதன்மேலும் வட்டி வாங்கியது என்பதும் கடன் முழுவதையும் கட்டி முடித்த பிறகே எனக்குத் தெரிந்தன.

பிபிஐ என்று எல்லோரும் சொன்ன அந்தக் காப்புறுதி, கடன் எடுத்தவர் வேலையை இழந்தாலோ நோய்வாய்ப்பட்டாலோ விபத்தில் சிக்கினாலோ, அவருடைய தவணையைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டுவதற்கானது. அந்த எண்ணத்தில் பிழை இல்லை. உரியவருக்கு, உரிய விலையில், விளக்கிச் சொல்லி விற்றிருந்தால் பல குடும்பங்களுக்கு அது உதவியிருக்கும். ஆனால் பிரித்தானியாவில் விற்கப்பட்ட ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் பிபிஐ ஒப்பந்தங்களில் மிகப் பல, அதனால் ஒருபோதும் பயன் பெற முடியாதவர்களின் தலையில் கட்டப்பட்டவை. சுயதொழில் செய்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இழப்பீடு மறுக்க ஒப்பந்தத்திலேயே விதிவிலக்குகள் இருந்தன. முதுகுவலியும் மன அழுத்தமும் வேலைக்குப் போக முடியாமற் செய்யும் காரணங்களில் முதன்மையானவை. பல ஒப்பந்தங்கள் அவற்றையே விலக்கி வைத்திருந்தன அல்லது கடுமையான நிபந்தனைகளுக்கு உட்படுத்தியிருந்தன.

இவ்வளவு மும்முரமாக ஏன் விற்றார்கள் என்பதற்கான விடை 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிளெவின் வழக்கில் வெளிப்படையாகக் கிடைக்கிறது. 34,000 பவுண் கடன் எடுத்த ஒரு பெண்மணிக்கு 5,780 பவுணுக்குக் காப்புறுதி விற்கப்பட்டது. கடனின் காலம் பத்து ஆண்டுகள்; காப்புறுதியின் காலமோ ஐந்தே ஆண்டுகள். அவர் கொடுத்த கட்டணத்தில் 71.8 சதவீதம் தரகாகவே போயிருந்தது, அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நூறு பவுண் கொடுத்தால் இருபத்தெட்டுப் பவுணுக்குத்தான் காப்புறுதி என்று தெரிந்திருந்தால் யார்தான் வாங்கியிருப்பார்கள்? இந்த மறைப்பு, கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான உறவை நியாயமற்றதாக்குகிறது என்று நீதிமன்றம் சொன்னது.

என் கதைக்குத் திரும்புகிறேன். 2010 நவம்பரில் வங்கிக்கு முதற்கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. காரணம் பிறகு விளங்கியது. பழைய விற்பனைகளையும் மறுபடி ஆராய வேண்டும் என்று, அப்போது வங்கிகளைக் கண்காணித்த நிதிச் சேவைகள் ஆணையம் 2010இல் விதித்த நெறிமுறைகளை எதிர்த்து வங்கிகளின் சங்கம் நீதிமன்றம் சென்றிருந்தது. அந்த வழக்கைக் காரணம் காட்டிப் பல வங்கிகள் முறைப்பாடுகளை ஒதுக்கி வைத்திருந்தன. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வங்கிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மே மாதத்தில் சங்கம் மேன்முறையீடு செய்வதில்லை என்று அறிவித்த பிறகே கதவு திறந்தது. இத்தனைக்கும் மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இந்த விற்பனையைப் பற்றி அதிகாரபூர்வமாக முறையிட்டது 2005இல். எளிய மக்கள் நடுவே நாள்தோறும் வேலை செய்கிற ஓர் அமைப்பு கண்டதை ஏற்றுக்கொள்ள நாட்டுக்கு ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

2011 செப்டம்பரில் வங்கியின் பதில் வந்தது. காப்புறுதி வேண்டும் என்ற கட்டத்தில் அடையாளம் இடப்பட்டிருப்பதாகவும், அதன் கீழே என் கையெழுத்து இருப்பதாகவும், ஆகவே முறைப்பாடு நிராகரிக்கப்படுவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்றிரவு விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். பெரும்பாலானோர் விட்டுவிட்ட இடம் அதுதான் என்று பின்னர் பலரிடம் பேசியதில் அறிந்துகொண்டேன். கையெழுத்து என்பது நம்மவர்களுக்குச் சத்தியம் போன்றது. வைத்துவிட்டால் பிறகு கேள்வி கேட்பது முறையல்ல என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் நான் கையெழுத்து வைத்தேனா என்பதல்ல, வைப்பதற்கு முன் எனக்கு என்ன சொல்லப்பட்டது, என்னிடம் என்ன கேட்கப்பட்டது என்பதே இங்கு கேள்வி.

வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள், அல்லது எட்டு வாரங்களாகியும் பதில் இல்லையென்றால், வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் எதுவும் இல்லை. அவர்களுடைய வினாத்தாளை நிரப்பும்போதுதான் என் வழக்கு எனக்கே தெளிவானது. நோயுற்றால் ஆறு மாதம் முழுச் சம்பளம் தரும் வேலையில் அப்போது இருந்தேன். வங்கி அலுவலர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்புறுதியும் எடுத்தால் கடன் இலகுவாகக் கிடைக்கும் என்றார். விரும்பினால் மறுக்கலாம் என்று சொல்லவில்லை. அதன் விலையைத் தனியாகக் காட்டவில்லை. இந்த நான்கு விடயங்களையும் நடந்தபடியே, அலங்காரம் இல்லாமல் எழுதினேன். சட்டப் பிரிவு எதையும் குறிப்பிடவில்லை.

2012 ஜூனில் பணம் வந்தது. காப்புறுதிக்காக மாதம் 33 பவுண் வீதம் அறுபது மாதங்கள் நான் கட்டிய ஏறத்தாழ 1,975 பவுணும், ஒவ்வொரு தவணையும் என் கையை விட்டுப்போன நாளிலிருந்து கணக்கிட்ட ஆண்டுக்கு 8 சதவீதத் தனிவட்டியாக ஏறத்தாழ 870 பவுணும் கிடைத்தன. அந்த 8 சதவீத வட்டி வருமானமாகக் கருதப்படுவதால் அதில் ஐந்தில் ஒரு பங்கை வரியாகக் கழித்துக்கொண்டே தந்தார்கள்.

எங்கள் சித்தப்பாவின் அனுபவம் வேறு. அவர் மினிகாப் ஓட்டுநர், அதாவது சுயதொழில் செய்பவர். அவர் வைத்திருந்த ஒப்பந்தத்தின்படி, தொழிலை முற்றாக மூடினாலன்றி வேலையிழப்பு இழப்பீடு அவருக்குக் கிடையாது. இதைவிடத் தெளிவான வழக்கு இருக்க முடியாது. ஆனால் தொலைபேசியில் அழைத்த ஒரு முகவர் நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார். 2,400 பவுண் கிடைத்தது. 25 சதவீதக் கட்டணமும் அதன்மேல் வற் வரியுமாக 720 பவுண் அவர்களுக்குப் போனது. அவர்கள் செய்தது, அவர் சொன்னதை ஒரு படிவத்தில் எழுதி அனுப்பியது மட்டுமே. “ஆங்கிலத்தில எழுதிற பயம்தான் தம்பி, வேறொண்டுமில்லை” என்றார். அந்த ஒரு வசனம் என்னை நெடுநாள் உறுத்தியது, ஏனெனில் அரை மணி நேரம் அருகில் அமர்ந்து நான் எழுதிக் கொடுத்திருக்க முடியும். 2018 ஜூலையிலிருந்துதான் இத்தகைய நிறுவனங்களின் கட்டணத்துக்கு 20 சதவீதமும் வற் வரியும் என்ற உச்சவரம்பு வந்தது.

கடைகள் விற்ற பிபிஐதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. 2006இல் அம்மா ஒரு தளபாடக் கடையில் சோபா வாங்கியபோது, கடையின் பெயர் பொறித்த கடனட்டையை எடுத்தால் முதற்கொள்வனவில் பத்து சதவீதம் கழிவு என்று சொல்லி, பணம் செலுத்தும் மேசையிலேயே படிவத்தை நிரப்பி வாங்கிவிட்டார்கள். மாதந்தோறும் நிலுவைத் தொகைக்கு ஏற்ப ஒரு சிறு கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது. சிறு தொகை என்பதாலேயே யாரும் கவனிக்கவில்லை. 2017இல் நாங்கள் அதைத் தேடத் தொடங்கியபோது கடை இல்லை. அட்டையில் கடையின் பெயர் இருந்தாலும் உண்மையில் கடன் கொடுத்தது ஒரு நிதி நிறுவனம் என்பதை அறிய, பழைய மாதக் கூற்று ஒன்றின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு தாளை அம்மா எறியாமல் வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். தாளே இல்லாதவர்களும் பழைய முகவரியையும் பிறந்த திகதியையும் கொடுத்து, பிபிஐ இருந்ததா என்று தேடித் தரும்படி கடன் கொடுத்த நிறுவனத்தையே கேட்க முடிந்தது.

அம்மாவின் முறைப்பாட்டை, தவறாக விற்றோம் என்று அந்த நிறுவனம் ஏற்கவில்லை. ஆனால் பிளெவின் தீர்ப்பையொட்டி, நிதிச் சேவைகள் ஆணையத்தின் இடத்துக்கு வந்த நிதி நடத்தை ஆணையம் 2017 ஓகஸ்ட் 29இலிருந்து நடைமுறைப்படுத்திய விதியின்படி, மறைக்கப்பட்ட தரகு கட்டணத்தில் பாதிக்கு மேற்பட்டிருந்தால் அந்த மேலதிகத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த வகையில் ஒரு பகுதி கிடைத்தது. முழுத்தொகை அல்ல, இந்த வேறுபாட்டை விளக்கியபோது அம்மாவுக்கு ஏமாற்றம்தான். வருமான வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானம் இல்லாததால், கழித்த வரியை ஆர்40 படிவம் அனுப்பி மீளப் பெற்றோம். இதற்கு நான்கு ஆண்டு அவகாசம் இருந்தும், வரியை மீளக் கேட்கலாம் என்பதே தெரியாமல் விட்ட முதியவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

2019 ஓகஸ்ட் 29உடன் வங்கிகளிடம் முறையிடும் காலம் முடிந்துவிட்டது. மொத்தத்தில் திருப்பித் தரப்பட்ட தொகை 38 பில்லியன் பவுணை எட்டியது. அதற்குப் பின் எஞ்சியது நீதிமன்றம் மட்டுமே. 95 சதவீதத்துக்கும் மேலான தரகை மறைத்த ஒரு கடன் வழக்கில், மறைக்கப்பட்ட உண்மை தெரியவந்த பிறகே கால வரம்பு தொடங்கும் என்ற வகையில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடன் பெற்றவரின் பக்கம் நின்றது. எனினும் வழக்குச் செலவையும் தோற்றால் வரும் சுமையையும் நிதானமாக ஆலோசித்த பின்னரே எவரும் அந்த வழியில் இறங்க வேண்டும்; வெற்றி உறுதி என்று தொலைபேசியில் சொல்பவர்களை நம்பி இறங்கக் கூடாது.

இப்போது அதே நியாயமற்ற உறவு என்ற சட்டப் பிரிவு வாகனக் கடன்களுக்குத் திரும்பியிருக்கிறது. 2025 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளில் ஒன்றில், கடனுக்கான மொத்தச் செலவில் 55 சதவீதம் தரகாகக் கார் விற்பனையாளருக்குப் போயிருந்தது. அந்த ஒருவருக்கு நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. சென்ற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தம்முடைய பழைய கார்க் கடன் ஒப்பந்தங்களை ஒரு பிளாத்திக் பையில் போட்டு எடுத்துவந்தார். இம்முறை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காமல் என்னிடம் வந்தது எனக்குப் பெரிய ஆறுதல். மூன்று ஒப்பந்தங்கள் இருக்கின்றன; இரண்டில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் தெளிவாகத் தெரிகிறது, மூன்றாவதின் அடிப்பகுதி தேநீர்க் கறையில் மங்கியிருக்கிறது. நாளை மாலை இருவரும் அமர்ந்து, விற்பனையாளர் அன்று என்ன சொன்னார் என்பதை அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதப்போகிறேன்.