தீவாந்திரம் எந்த ஊரில் இருக்கிறது?

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து பேரன் வீடியோ காலில் வந்தான். ஏழு வயசு. ஒரு இடத்தில் நிற்காமல் சோபாவில் ஏறி ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். "சும்மா இருடா, இல்லேன்னா ஒன்னயத் தீவாந்திரத்துக்கு அனுப்பிருவேன்" என்று வாயில் வந்துவிட்டது. அது எங்கள் அப்பத்தாவின் வசவு. அவர் காளையார்கோவில் பக்கம். நான் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டாலும் சரி, தோப்பில் மாங்காய் அடித்தாலும் சரி, தண்டனை ஒன்றுதான்: தீவாந்திரம்.

பேரன் குதிப்பதை நிறுத்திவிட்டு, "அது எந்த ஊரு தாத்தா?" என்றான்.

அவன் உட்கார்ந்திருக்கிற ஊரும்தான். ஏழு வயசுப் பையனிடம் அதை எப்படிச் சொல்ல?

தீவாந்திரம் என்பது கோர்ட் பாஷை. கைதியைக் கடல் தாண்டி நாடு கடத்துவதுதான் அது. 1860-ல் வந்த தண்டனைச் சட்டத்தில் ஆயுள் தீவாந்திரம் என்று ஒரு தண்டனை இருந்தது. 1955-ல் சட்டத்தைத் திருத்தி ஆயுள் சிறை என்று ஆக்கினார்கள். அப்பத்தா வாயில் மட்டும் யாரும் திருத்தவில்லை.

கேட்டவுடனே எல்லோருக்கும் அந்தமான்தான் ஞாபகம் வரும். அது பிந்தி வந்தது, 1858-ல். வெள்ளைக்காரன் தன் ஊர்க் கைதிகளை முதலில் அமெரிக்காவுக்குத்தான் ஏற்றிக்கொண்டிருந்தான். அங்கே சுதந்திரப் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. 1787-ல் ஆஸ்திரேலியாவுக்கு முதல் கப்பல்கள் கிளம்பின. 1868 வரைக்கும் சுமார் 1,62,000 பேரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அதே 1787-ல்தான் கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டுக் கைதிகளைச் சுமத்ராவில் இருக்கிற பென்கூலனுக்கு அனுப்ப ஆரம்பித்தது. அப்புறம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், மொரீசியஸ், பர்மா. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம் ஆட்கள் தூக்குக் கயிற்றைவிட இதற்குப் பயப்படுவார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. புது ஊரில் காட்டை வெட்ட, ரோடு போட, கூலி கொடுக்காமல் ஆள் கிடைக்கும் என்பது இன்னொரு கணக்கு. நான் கட்டட வேலைக்காரன். இரண்டாவது கணக்குதான் பெரியது என்று எனக்குப் படுகிறது.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் தொடங்கவில்லை. ஒரு சுவரில் தொடங்கியது. போன வருசம் மகள் வீட்டுக்கு மூன்று வாரம் போயிருந்தேன். மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்டி ஹால் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. "மாமா, இது நம்ம ஊரு ஆளுங்க கட்டினது, தெரியுமா?" என்றார். யாரோ நம் ஊர் கான்ட்ராக்டர் என்று நினைத்துக்கொண்டேன். "கைதிங்க மாமா" என்றார்.

அப்புறம் போனைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தார். 1856-ல் அடிக்கல். 1861-ல் முதல் பூசை. பிளான் போட்ட ரொனால்ட் மேக்பர்சன்தான் கைதிகளுக்கும் மேலதிகாரி. பூச்சு எப்படிப் போட்டார்கள் என்று வாசித்தபோது நான் நின்றுவிட்டேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு, மணல் கிடையாது. முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து விழுதாக அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கலந்து பூசியிருக்கிறார்கள். காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து, மாக்கல் பொடி தூவி மெருகேற்றியிருக்கிறார்கள். அந்தப் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே பேராம்.

இது எங்கப்பா செய்த வேலை. அவர் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்ட தண்ணீரைப் பானையில் மூடி வைத்திருப்பார். எட்டு வீடு தள்ளி வரும்போதே வாடை அடிக்கும். முட்டை உடைக்கிற வேலை எனக்கு. மஞ்சளைத் தனியாக எடுத்து வைத்தால் சாயங்காலம் வீட்டில் பொரியல். மதுரைக்கு வருகிற சொந்தக்காரர்களைத் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போனால் எங்கப்பா ராஜா கதை சொல்ல மாட்டார். தூணில் உள்ளங்கையை வைத்து, "தடவிப் பாரு, கண்ணாடி" என்பார். கடுக்காய் கிடைக்காத ஊரில் தேங்காய் மட்டையில் துவர்ப்பு எடுக்கலாம் என்று கண்டுபிடித்தவன் கட்டாயம் ஒரு கொத்தனாராகத்தான் இருக்கவேண்டும். என் கணிப்புதான். சிமெண்ட் காலத்துப் பையன்களுக்கு இது புரியாது.

தேவாலயச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். மேலே எத்தனையோ கோட் பெயிண்ட். ஒன்றும் தெரியவில்லை.

1824-ல் பென்கூலனை டச்சுக்காரனுக்கு விட்டுக்கொடுக்க ஒப்பந்தம் ஆனதும், அங்கிருந்த கைதிகளை அடுத்த வருசம் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். 1825 ஏப்ரலில் முதலில் வந்து இறங்கிய 80 பேரும் மெட்ராஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். பின்னால் வங்காளத்து ஆட்கள். ரோடு, பாலம், செங்கல் சூளை, கவர்னர் மாளிகை எல்லாம் இந்தக் கைகள்தான். காலம் போகப் போகக் கைதிகளையே கைதிகளுக்குக் காவல் போட்டார்கள்; சம்பளம் மிச்சம். 1873-ல்தான் அங்கே கடையை மூடினார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பத்தா ஏன் அந்த வார்த்தையை விடாமல் வைத்திருந்தார் என்று யோசித்தேன். காளையார்கோவில் பெரிய கோபுரத்துக்கு மானாமதுரையில் செங்கல் சுட்டு, அங்கிருந்து கோவில் வரைக்கும் சனங்கள் வரிசையாக நின்று கை மாற்றிக் கொடுத்ததாக எங்கள் பக்கம் சொல்வார்கள். கட்டியது மருது சகோதரர்கள். "நம்ம முப்பாட்டன் கையிலயும் அந்தச் செங்கல் பட்டிருக்குடா" என்பார் அப்பத்தா. கம்பெனியை எதிர்த்துச் சண்டை போட்டதற்காக 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் தூக்கில் போட்டார்கள். வருசா வருசம் கூட்டம் கூடுவது அவர்களுக்கு. கப்பலேறியவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு.

அந்தச் சண்டைக்காக நாடு கடத்தப்பட்டுக் கப்பலேறியவர்கள் 73 பேர். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பல். போன இடம் பினாங்கு. அப்போது அதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பேர். சிவகங்கைச் சீமையின் அரசர் வேங்கன் பெரிய உடையாத் தேவரும் அதில் ஒருவர். அங்கிருந்து பென்கூலனுக்குப் போய், அதே வருசம் செப்டம்பரில் செத்துப்போனார். இன்னொருவர் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி. வயசு 15.

15 வயசில்தான் எங்கப்பா என் கையில் கரண்டியும் மணியாஸ் கட்டையும் கொடுத்தார். முதல் நாளே சுவர் அலை அலையாக வந்து அடி வாங்கினேன். அதனால் அந்த எண்ணைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி 1830-ல் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். இளைஞனாக மதுரைப் பக்கம் இருந்தபோது சின்ன மருதுவோடு பழகியவர். வளரி வீசவும் ஈட்டி எறியவும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். நல்ல அரிசியும் பழமும் கொடுத்து அனுப்புவாராம். அப்புறம் அதே மருதுவுக்கு எதிரான படையில் வெல்ஷ் வந்தார். தூத்துக்குடியில் கப்பல் ஏறும்வரை துரைச்சாமி அவர் பொறுப்பில்தான் இருந்தான். தன்னிடம் வளரி பழகிய ஆளே தன் பிள்ளைக்குக் காவலாக நிற்பான் என்று சின்ன மருதுவுக்குத் தோன்றியிருக்குமா?

16 வருசம் கழித்து, 1818-ல், வெல்ஷ் பினாங்குக்குப் போகிறார். ஒரு ஆள் அவரைப் பார்க்க வருகிறான். தளர்ந்துபோன கிழவன் மாதிரி இருக்கிறான். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆளுக்கு அப்போது 31 வயசுதான் இருக்கும். எனக்கு அந்த வயசில் இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. சாரத்தில் ஏணி இல்லாமல் ஏறுவேன்.

பேரைக் கேட்டிருக்கிறார். துரைச்சாமி என்று பதில் வந்திருக்கிறது.

அடுத்த தடவை சிங்கப்பூர் போகும்போது பினாங்குக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். நான் பீச் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று நினைத்து மருமகன் ஓட்டல் தேடிக்கொண்டிருக்கிறார்.