ஸ்பெயின் நாட்குறிப்பு: விளக்குக்கு எண்ணெய் வாங்க யார் காசு கொடுத்தது?

மார்ச் 4, செவில்லா

ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்ற நாட்டு ஆவணங்கள் இருக்கும் இண்டீஸ் ஆவணக் காப்பகத்துக்கு எல்லோரும் கொலம்பஸைத் தேடி வருகிறார்கள். நான் போனது செவில்லா ஓவியர் முரில்யோவுக்காக. அன்று இது லோன்ஹா, வணிகர்களின் கட்டடம். 1660 ஜனவரியில் அவரும் இளைய எர்ரேராவும் மற்ற ஓவியர்களுமாகச் சேர்ந்து இங்கே ஒரு வரைகூடம் தொடங்கினார்கள். ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் ஆளை நிறுத்திவைத்து வரைவார்கள். எண்ணெய், கரி, நிற்கிற ஆளுக்குக் கூலி எல்லாம் அவர்களே பங்கு போட்டுக்கொண்டது. அரண்மனைப் பணம் கிடையாது. எர்ரேரா சீக்கிரமே மாட்ரிட் பக்கம் போய்விட்டார். 1674-ல் கூடமும் மூடிவிட்டது. இங்கேதான் வரைந்தார்கள் என்று சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

மார்ச் 6, மாட்ரிட் ரயில்

இவ்வளவு வரைந்த ஸ்பெயின் ஓவியர்கள் ஏன் தங்கள் படங்களைத் தகட்டில் செதுக்கி அதிகம் அச்சிடவில்லை? ஆன்ட்வெர்ப்தான் காரணம் என்பது என் கணக்கு. அதுவும் ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்த ஊர். அச்சுப்படங்கள் அங்கிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கின. எஸ்கோரியல் அரண்மனையின் வரைபடங்களை 1589-ல் செம்பில் செதுக்கியதும் ஆன்ட்வெர்ப்காரர், பெத்ரோ பெர்ரெட். வரைபடம் ஹுவான் தே எர்ரேராவுடையது. (இவர் வேறு எர்ரேரா. லோன்ஹாவுக்கும் வரைபடம் போட்டவர். பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.)

மார்ச் 7

ரிபேராவின் காதுகள்! வலென்சியா பக்கம் ஷாதிவாவில் 1591-ல் பிறந்து நேப்பிள்ஸில் குடியேறிய ஓவியர். 1622-ல் கண், காது, மூக்கு வாய் என்று தனித்தனியாக எட்சிங் (செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம்) போட்டார், மாணவர்கள் பார்த்து வரைய. அறையில் உட்கார்ந்து ஒரு காதை வரைந்து பார்த்தேன். மடலின் உள்வளைவில் அவர் கோடு மெலிந்து மெலிந்து புள்ளியாக உதிர்ந்து நின்றுவிடுகிறது. நான் கோட்டை முடித்துவைத்தேன். காது அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அழித்து, மறுபடி, மறுபடி.

மார்ச் 8

மாட்ரிட்டில் சான் ஃபெர்னாந்தோ கலை அகாதெமியின் கல்கோக்ராஃபியா. 1789-ல் அரசு தொடங்கிய செப்புத்தகட்டு அச்சகம். ஓவியர் கோயாவின் தகடுகள் இங்கே. படத்துக்குக் கீழே தலைப்பெழுத்து தலைகீழாக இல்லை, இடம்வலம் மாறிக் கிடக்கிறது. கைபேசியில் படமெடுத்துத் திருப்பினால்தான் படிக்க முடியும். காகிதத்தில் கறுப்பாகப் பரவும் இருட்டு, தகட்டில் வெறும் சொரசொரப்பு. குங்கிலியத் தூளைத் தூவி உருக்கி, அமிலத்தில் ஊறவிட்டு வந்தது அது. தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. காவலர் பார்த்துவிட்டார்.

மார்ச் 9

தெசெங்கான்யோ தெரு. மாயை தெளிதல் என்று அர்த்தம் சொல்லலாம். 1799-ல் இங்கே ஒரு வாசனைத் திரவியக் கடையில்தான் கோயாவின் ‘காப்ரிச்சோஸ்’ என்ற அச்சுப்படத் தொகுதி விற்பனைக்கு வந்தது: 80 படம், 320 ரியால். படத்துக்கு 4 ரியால்தான், ஆனாலும் போணியாகவில்லை. 1803-ல் தகடுகளையும் விற்காத 240 தொகுதிகளையும் அரசரிடம் ஒப்படைத்து, மகனுக்கு உதவித்தொகை வாங்கிக்கொண்டார். நேற்று நான் பார்த்த தகடு அப்படிக் கைமாறி வந்ததுதான்.