சம்பந்தி வீட்டுத் தப்பு

கோத்தகிரியில் ஒரு சிறிய மனித உரிமை அமைப்பில் சில வருடம் வேலை பார்த்தேன். வேலை என்றால் கடிதம் எழுதுவதுதான். மக்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் பெயர்த்து அமைச்சர்களுக்கும் தூதரகங்களுக்கும் அனுப்ப வேண்டும், பதில் வந்தால் கோப்பில் சேர்க்க வேண்டும். அந்த இரண்டாவது வேலை எனக்கு அதிகம் இருந்ததில்லை.

2013 அக்டோபர். அடுத்த மாதம் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு. 2009-இல் போரின் கடைசி மாதங்களில் நடந்த கொலைகளைப் பற்றி, அங்கே போகும் தலைவர்கள் இலங்கை அரசிடம் நேருக்கு நேர் கேட்க வேண்டும் என்று ஒரு கடிதம் தயாரித்தோம். கையெழுத்து வாங்க டேன்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளுக்குப் போனேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-இல் அந்தத் தோட்டங்களைப் போட ஆரம்பித்தது. ஊரில் இன்னமும் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு பாட்டி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முழுக் கடிதத்தையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இதெல்லாம் யாருக்குப் போகுது?"

"பெரிய நாட்டுத் தலைவர்களுக்கு, பாட்டி. நம்ம பிரதமருக்கும்தான்."

"அவுங்கல்லாம் சிலோன் கவர்மென்ட்டுக்குக் கூட்டாளிதானே? சண்டைக்காரன் தப்பை ஊரே பேசும் தம்பி. சம்பந்தி வீட்டுத் தப்பை எவன் பேசுவான்?"

சொல்லிவிட்டு, மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்து வந்து காட்டினார். மடிப்பில் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு துண்டாக இருந்தது. இலங்கை மலையகத்து ஹட்டனில் ஏறிய கோச்சியை, அதாவது ரயிலை, 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்களாம். போகிறவர்களும் அழுவார்கள், ஸ்டேஷனில் நிற்கிறவர்களும் அழுவார்கள்.

அவர்களை இங்கே அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் கையிலிருந்த கடிதத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. 1948-இல் இலங்கை அரசு ஒரு சட்டம் போட்டு, இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1962 சீனப் போருக்குப் பிறகு டெல்லிக்கு அண்டை நாடுகளின் நட்பு தேவைப்பட்டது. குடியுரிமையை ஏன் பறித்தாய் என்று கேட்கவேண்டிய இடத்தில், உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சம்பந்தப்பட்ட ஒருவரையும் கேட்கவில்லை.

அன்று மாலை அலுவலகத்தில் கரண்ட் இல்லை. யூ.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது. பிரதமருக்கான கடிதத்தில் 1964 பற்றி இரண்டு வரி சேர்த்தேன். மேலதிகாரி சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "உதவி கேக்கறப்ப பழசைக் கிளறாதப்பா" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவரை மட்டும் குறை சொல்லி என்ன? பழைய நகல்களை எடுத்துப் பார்த்தேன். மக்கள் 'சுட்டுக் கொன்றார்கள்' என்று சொன்னதை நானே 'உயிரிழப்புகள் நேர்ந்தன' என்று பெயர்த்திருந்தேன். 'கேளுங்கள்' என்பது 'கவனத்தில் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' ஆகியிருந்தது. யாரும் சொல்லி நான் செய்ததில்லை. கை தானாகப் பழகிவிட்டது. அந்தக் கடிதத்தில் மட்டும் 'கொன்றார்கள்' என்றே போட்டேன்.

மாநாட்டுக்குக் கனடா பிரதமர் ஹார்ப்பர் போகவில்லை. மன்மோகன் சிங்கும் போகவில்லை, வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித்தை அனுப்பினார். பிரிட்டன் பிரதமர் கேமரூன் போனார், யாழ்ப்பாணம் வரை போய் மக்களைப் பார்த்துவிட்டு, சுதந்திரமான விசாரணை வேண்டும் என்றார். போகாமல் இருப்பதைவிடப் போய்க் கேட்பது மேல் என்று அலுவலகத்தில் சண்டையே போட்டேன். (அதே கேமரூன், பிரிட்டனிடம் ஆயுதம் வாங்கும் சவுதி அரேபியாவிடம் இந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.)

2014 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், இலங்கை மீது சர்வதேச விசாரணை கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 23, எதிர்ப்பு 12. வாக்களிக்காமல் ஒதுங்கியவை 12 நாடுகள், அதில் இந்தியாவும் ஒன்று. 2012-இலும் 2013-இலும் இலங்கைக்கு எதிராக வாக்களித்த அதே இந்தியா.

அடுத்த கடிதத்தோடு மறுபடி பாட்டி இருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, போனேன். பாட்டிக்குச் செய்தி எட்டியிருந்தது.

"கையைத் தூக்கவே இல்லையாமே?"

"இல்ல பாட்டி."

மை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெருவிரலில் தேயிலைக் கறை ஏறியிருந்தது, மை சரியாகப் பிடிக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அழுத்தினார்.

"டெல்லிக்குப் போறதை மேல வை" என்றார்.