பலாவுக்கு நடுவே கடலை

ஜூன் 7, 2025, சனி

காலையில் எங்கள் சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் களை பிடுங்கினேன். மாமரத்தடியில் சருகை விலக்கினால் மண் கறுப்பாக, புட்டு மாவு மாதிரி உதிர்கிறது. ஒரு கைப்பிடிக்குள் மூன்று மண்புழு. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) அங்கே வைத்த மஞ்சளும் பாண்டானும் தளதளவென்று நிற்கின்றன. பத்தடி தள்ளி, வெயிலில் கிடக்கும் கீரைப் பாத்தி பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே லாரியில் வந்த மண்தான். ஒன்றின்மேல் நிழலும் சருகும் விழுந்தன, மற்றதில் விழவில்லை.

ராத்திரி ஊரிலிருந்து, புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியிலிருந்து, தம்பி பேசினான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்குப் பிறகு ஒரு ஏக்கர் சும்மாவே கிடக்கிறது. அதில் தைலமரம் போடப் போகிறானாம். "வச்சுட்டு மறந்துடலாம் அக்கா, ஆள் கூலியே இல்ல" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பா அந்த மண்ணில் கடலை போட்டவர். தைலமரத்துக்கு அடியில் என்ன முளைக்கும்?

ஜூன் 8, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. நான் குடியிருக்கும் சுவா சூ காங்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். 'காங்' என்பது ஆற்றங்கரைத் தோட்டக் குடியிருப்பு. 19ஆம் நூற்றாண்டில் இங்கெல்லாம் சீனர்கள் காம்பியரும் (தோல் பதனிடச் சாறு தரும் கொடி) மிளகும் சேர்த்துப் பயிரிட்டார்கள். காம்பியர் இலையைக் கொதிக்க வைத்துச் சாறு எடுத்தபின் சக்கையை மிளகுக் கொடிக்கு உரமாகப் போட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த அடுப்புக்கு விறகாகச் சுற்றிலும் இருந்த காட்டை வெட்டினார்கள். சுமார் 15, 20 வருஷத்தில் மண் செத்தது. தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள், அப்புறம் மலேசியப் பக்கம் ஜொகூருக்கு. விட்டுப்போன இடத்தில் லாலாங் புல் மண்டியது.

இதைத் தம்பியிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

புலாவ் உபின் தீவு. சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேரும்வரை காத்திருந்து போனோம். பழைய கம்போங் (மலாய் கிராமம்) தோட்டங்களின் மிச்சம் இன்னும் நிற்கிறது: உயரத்தில் டுரியான், அதற்குக் கீழே ரம்புத்தான், இன்னும் கீழே வாழை. யாரும் வரைபடம் போட்டு நட்டதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தன் உயரத்தில் வெயிலை வாங்கிக்கொள்கிறது, வேரும் வெவ்வேறு ஆழத்தில் போகிறது.

டுரியான் பூ சாயங்காலம் விரிந்து இரவில் வௌவாலுக்காகக் காத்திருக்கும். அந்தப் பூ வருஷத்தில் சில வாரம்தான். மீதி நாளெல்லாம் வௌவால் எதைத் தின்னும்? வாழைப்பூத் தேன்போல மற்ற மரங்கள் தருவதைத்தான். டுரியானை மட்டும் வைத்துக்கொண்டு வாழையை வெட்டினால் டுரியானுக்கே நஷ்டம். இதை நினைத்தபடி அந்த மரத்தடியில் வெகுநேரம் நின்றேன்.

ஜூன் 21, சனி

தம்பியோடு ஒரு மணி நேரம். தைலமரத்துக்குப் பதில் பலா வை என்றேன். காம்பியர் கதையைக் கேட்டுவிட்டு, "சரிக்கா, பலா காய்க்க எத்தனை வருஷம்? அதுவரைக்கும் சோத்துக்கு?" என்றான். நியாயமான கேள்வி. ஒட்டுக்கன்றே காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை இடையில் கடலை போடலாமே. கடலை வேர் முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், பலாக்கன்றுக்கு நல்லதுதான். மரம் பருத்தபின் மிளகுக் கொடியை ஏற்றிவிடலாம். பலாவின் சொரசொரப்பான பட்டை கொடிக்கு நல்ல பிடி. நம்ம மாவட்டத்திலேயே அப்படிச் செய்கிறார்கள். ஒரு விலை சரிந்தாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

முப்பது அடிக்கு ஒன்று என்றால் ஏக்கருக்கு 48 குழி. பேப்பரில் போட்டுக் காட்டினேன். "யோசிக்கிறேன்" என்றான். அழாமல் போனை வைக்கப் பெரும்பாடு பட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

பதில் இல்லை. கீரைப் பாத்திமேல் மாமரச் சருகைப் பரப்பிவிட்டு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிப் பட்டம் தொடங்கிவிட்டது. காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம். செம்மண்ணில் வரிசையாகக் குழிகள், பக்கத்தில் மண்வெட்டி, வரப்பில் தம்பி மகள் கடலை விதையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். எண்ணினேன்: 24. பாதி ஏக்கர்.

கூடவே ஒரு குரல் பதிவு: "அக்கா, மீதியில என்ன வைக்கிறதுன்னு நீ லீவுக்கு வரும்போது பேசிக்கலாம்."